டர்னர்: ஒரு கடைசல்காரர் பெயர் போன வழிகள்

கோவையில் ஒரு சின்ன லேத் பட்டறையில் மணி என்ற பெயரில் இரண்டு பேர் வேலை பார்த்தால், ஒருவர் ஃபிட்டர் மணி ஆகிவிடுவார், மற்றவர் டர்னர் மணி. இன்றைக்கு எந்த மணி லீவு என்று முதலாளிக்குக் குழப்பம் வரக்கூடாது, அதற்காக ஒட்டிக்கொண்ட பெயர். ஐடிஐயில் இரண்டு வருஷம் படித்து வாங்கிய சான்றிதழிலும் ‘டர்னர்’ என்றே இருக்கும். ஆனால் டர்னர் மணியின் மகள் நர்சிங் முடித்து வேலைக்குப் போனால் அவளை யாரும் டர்னர் என்று கூப்பிடுவதில்லை. அவள் பெயருக்கு முன்னால் அப்பாவின் முதலெழுத்து நிற்கும். அப்பாவின் தொழில் பட்டறை வாசலோடு நின்றுவிடும்.

இங்கிலாந்தில் அது வாசலைத் தாண்டி வீட்டுக்குள் வந்தது. அப்புறம் கப்பலேறி அமெரிக்கா போனது. கடைசியில் ஒரு விவாகரத்து வழக்கில் பங்கு பிரிக்கிற சொத்தாகவும் ஆனது. டர்னர் என்ற குடும்பப் பெயரோடு புகழ்பெற்றவர்களை வரிசையாக அடுக்குவது சுலபம். கலைக்களஞ்சியம் அதைச் செய்துவிடும். இவர்கள் ஒவ்வொருவர் கைக்கும் அந்தப் பெயர் எந்த வழியாக வந்து சேர்ந்தது என்பதில்தான் எனக்கு ஆர்வம். வழிகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை.

முதல் வழி, தொழில். 1066ல் பிரான்சின் வடபகுதியிலிருந்து வந்த நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு ஊருக்கு ஊர் வில்லியம், ராபர்ட், ஜான், தாமஸ் என்று ஒரு கைப்பிடிப் பெயர்களே திரும்பத் திரும்ப வைக்கப்பட்டன. ஒரே தெருவில் நாலு ஜான் இருந்தால் என்ன செய்வது? நம் பட்டறைக் கதைதான். கொல்லர் ஜான் ஸ்மித் ஆனார், பீப்பாய் செய்தவர் கூப்பர் ஆனார், வண்டி ஓட்டியவர் கார்ட்டர், கடைசல் பிடித்தவர் டர்னர். 1377, 1379, 1381 என்று அடுத்தடுத்துத் தலைவரி போட்டபோது ஆளை ஏட்டில் எழுத வேண்டிய தேவையும் வந்தது. பதினான்காம் நூற்றாண்டு முடிவதற்குள் இங்கிலாந்தின் பெரும்பாலான குடும்பங்களுக்குப் பரம்பரைப் பெயர் உறுதியாகிவிட்டது. கூப்பரின் பேரன் பீப்பாயையே தொடாவிட்டாலும் கூப்பர்தான்.

சொல்லின் வேர் கிரேக்கத்தில் இருக்கிறது. ‘டோர்னோஸ்’ என்றால் கடைசல் கருவி. அது லத்தீன் வழியாகப் பழைய பிரெஞ்சுக்கு வந்து, நார்மன்களோடு கடல் தாண்டியது. எல்லா டர்னரும் கடைசல்காரர் வம்சம் என்று சத்தியம் செய்ய முடியாது. முயலையே ஓடி மடக்குகிற ஓட்டக்காரனுக்கு வைத்த பட்டப்பெயர் தேய்ந்து டர்னராக ஆன குடும்பங்களும் உண்டு என்பது பெயராய்வாளர்களின் கருத்து. ஆனால் பெரும்பங்கு மரத்தூள் படிந்த கைகளுக்கே.

அந்தக் காலத்து லேத்தைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். இரும்பும் மோட்டாரும் கிடையாது. தலைக்கு மேல் வளைந்து கொடுக்கிற நீளமான ஒரு கழி. அதன் நுனியில் கட்டிய கயிறு கீழே இறங்கி, கடைய வேண்டிய மரத்துண்டை ஒரு சுற்றுச் சுற்றி, காலடியில் இருக்கும் மிதிகட்டையில் முடியும். மிதித்தால் மரம் கடைசல்காரரை நோக்கிச் சுழலும், அப்போது உளியை வைத்துச் சீவ வேண்டும். காலை எடுத்தால் கழி நிமிர்ந்து கயிற்றை மேலே இழுக்கும், மரம் எதிர்த்திசையில் சுழலும், அந்த நேரத்தில் உளியைச் சற்றே விலக்கிக்கொள்ள வேண்டும். மிதி, சீவு, விடு, விலகு. நாள் முழுக்க இதே தாளம்.

இதைப் படிக்கும் தமிழருக்கு மோர் கடையும் மத்து ஞாபகம் வராமல் இருக்காது. கயிறு, தண்டு, முன்னும் பின்னும் சுழற்சி. தமிழில் இரண்டுக்கும் ஒரே வினைச்சொல்தான்: தயிரையும் கடைகிறோம், தொட்டில் காலையும் கடைகிறோம். அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான் கூடக் கடைசல் வேலைதான். ஆங்கிலச் சொல் ‘திருப்புதல்’ என்பதோடு நின்றுவிட்டது. நம் சொல்லில் கயிற்றின் இழுப்பும் சேர்ந்தே இருக்கிறது.

சாப்பிடும் கிண்ணம், குடிக்கும் கோப்பை, நாற்காலிக் கால் என்று இடைக்கால இங்கிலாந்தின் வீட்டுச் சாமான்களில் பாதி இந்தக் கயிற்றிலிருந்து வந்தது. 1545ல் மூழ்கி 1982ல் கடலிலிருந்து தூக்கப்பட்ட ‘மேரி ரோஸ்’ போர்க்கப்பலில் மாலுமிகள் சாப்பிட்ட கடைசல் கிண்ணங்கள் ஏராளமாகக் கிடைத்தன. பீரும் ஒயினும் அளந்து விற்கிற மர அளவைகளையும் டர்னர்களே செய்தார்கள். படியில் கள்ளத்தனம் செய்யக்கூடாது என்று 1310ல் லண்டன் மேயர் முன்னால் அவர்களைச் சத்தியம் செய்ய வைத்திருக்கிறார்கள். படியில் கைவைப்பது எல்லா ஊருக்கும் பொதுதான் போலிருக்கிறது. 1604ல் முதலாம் ஜேம்ஸ் மன்னர் லண்டன் டர்னர் சங்கத்துக்கு அரசப் பட்டயம் கொடுத்தார். அந்தச் சங்கம் இன்றும் இருக்கிறது.

கடைசல் இல்லாத ஊர் இல்லை என்பதால் இந்தப் பெயரும் பல மொழிகளில் வேறு வேறு உடுப்போடு திரிகிறது. ஜெர்மனில் டிரெக்ஸ்லர். ரஷ்யத் துப்பாக்கி வடிவமைப்பாளர் டோக்கரெவ் பெயரிலும் கடைசல்காரர் இருக்கிறார். 2018ஆம் ஆண்டுக்கான இலக்கிய நோபல் பெற்ற போலந்து எழுத்தாளர் ஓல்கா டோக்கார்ச்சுக்கின் குடும்பப் பெயருக்கும் மூலம் அதுவே. அவரைத் தமிழில் எழுதினால் டர்னர் வீட்டு ஓல்கா என்றுதான் எழுத வேண்டும்.

இந்தப் பெயரின் மிகப் பெரிய சொந்தக்காரரான ஓவியர் டர்னர் பிறக்கும் காலத்துக்குள் பெயருக்கும் தொழிலுக்கும் உள்ள கயிறு அறுந்து வெகுநாளாகியிருந்தது. 1775ல் லண்டன் கோவன்ட் கார்டன் பகுதியில் மெய்டன் லேன் என்ற சந்தில் பிறந்தவர். அப்பா முடிதிருத்துபவர், பொய்முடி செய்பவர். கடை ஜன்னலில் மகன் வரைந்த படங்களை மாட்டி, சில ஷில்லிங் விலை வைத்து விற்றார். பதினான்கு வயதில் ராயல் அகாடமி பள்ளியில் சேர்ந்தவர், 1802ல், இருபத்தேழாவது வயதுக்குள், அகாடமியின் முழு உறுப்பினர். அப்பா கத்திரியை வைத்துவிட்டு மகனின் ஓவியக்கூடத்துக்கே வேலைக்கு வந்துவிட்டார். துணியை இழுத்துச் சட்டத்தில் அடிப்பதும் அவர், முடிந்த படத்துக்கு வார்னிஷ் பூசுவதும் அவர். என் படத்தைத் தொடங்குவதும் முடிப்பதும் அப்பாதான் என்று டர்னர் கிண்டலாகச் சொல்வாராம். 1829ல் அப்பா இறக்கும் வரை இந்த ஏற்பாடு நீடித்தது.

இந்தியாவுக்கு வராமலே இமயமலையை வரைந்தவர் என்பது பலருக்குத் தெரியாது. ஜார்ஜ் பிரான்சிஸ் ஒயிட் என்ற ராணுவ அதிகாரி முசூரி பக்கம் போட்டுக்கொண்டு வந்த கோட்டுப்படங்களைப் பார்த்து 1830களில் நீர்வண்ண ஓவியங்கள் செய்து கொடுத்தார். பனிமலை மேல் அவர் போட்டிருக்கும் வெளிச்சம் அசல் டர்னர் வெளிச்சம். டேராடூன்காரர் யாராவது அடையாளம் கண்டுபிடித்தால் ஆச்சரியம்தான்.

அவருடைய ஒரு படத்தின் முன்னால் மட்டும் கொஞ்சம் நிற்க வேண்டும். 1840ல் காட்சிக்கு வந்தது. அடிமைக் கப்பல் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் சூரியன் மறைகிற கடல். சிவப்பும் மஞ்சளுமாக வானம் எரிகிறது, இடப்பக்கம் ஒரு கப்பல் அலையில் திணறிக்கொண்டு போகிறது. கிட்டே போனால் வலது கீழ் மூலையில் ஒரு கால் தெரியும். கணுக்காலில் விலங்கு. சுற்றிலும் மீன்கள் மொய்க்கின்றன, மேலே பறவைகள். இன்னும் உற்றுப் பார்த்தால் நீருக்கு மேல் கைகளும் சங்கிலிகளும். படத்தின் முழுத் தலைப்பே அது என்ன என்று சொல்லிவிடுகிறது: இறந்தவர்களையும் இறந்துகொண்டிருப்பவர்களையும் அடிமை வியாபாரிகள் கடலில் வீசுகிறார்கள், புயல் வருகிறது.

1781ல் ‘சோங்’ என்ற கப்பலில் நடந்தது இந்தப் படத்துக்குப் பின்னால் இருப்பதாகப் பரவலாகக் கருதப்படுகிறது. குடிநீர் போதாது என்று சொல்லி நூற்று முப்பதுக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்களை உயிரோடு கடலில் வீசினார்கள். ‘சரக்கு’ நஷ்டத்துக்குக் காப்பீட்டுப் பணம் கேட்டு உரிமையாளர்கள் லண்டன் நீதிமன்றத்துக்கும் போனார்கள். கொலை வழக்காக அது ஒருபோதும் விசாரிக்கப்படவில்லை.

இவ்வளவு வரைந்தவரின் கணக்குப் புத்தகத்தையும் பார்க்க வேண்டியிருக்கிறது. 1805ல் இதே டர்னர் ஜமைக்காவில் ஒரு மாட்டுப் பண்ணையில் 100 பவுண்டு போட்டார். பண்ணையில் வேலை செய்தவர்கள் அடிமைகள். அந்த முதலீடு அவருக்கு லாபம் தரவில்லை என்பது வேறு விஷயம். முப்பத்தைந்து வருஷத்தில் மனிதர் மாறினாரா, காலம் மாறியதா என்று கலை வரலாற்றாளர்கள் வாதிடுகிறார்கள். இரண்டும்தான் என்று நினைக்கிறேன். ஆனால் விலங்கு மாட்டிய அந்தக் காலைப் பார்க்கும்போது அந்த 100 பவுண்டும் கூடவே நினைவுக்கு வந்துவிடுகிறது.

இப்போது இங்கிலாந்தின் 20 பவுண்டு நோட்டில் அவர் முகம் இருக்கிறது. 1984 முதல் கொடுக்கப்படும் நவீன கலைக்கான பரிசுக்கும் அவர் பெயர்தான். வேடிக்கை என்னவென்றால், கடைசிக் காலத்தில் அந்தப் பெயரை அவரே மறைத்துக்கொண்டார். செல்சியில் தேம்ஸ் நதிக்கரை வீட்டில் சோஃபியா பூத் என்ற விதவையோடு வாழ்ந்தார். அக்கம்பக்கத்தாருக்கு அவர் ‘அட்மிரல் பூத்’. ஓய்வுபெற்ற கடற்படைக்காரர் என்று தெருவே நம்பியது. 1851 டிசம்பரில் அந்த வீட்டில்தான் உயிர் போனது. புனித பால் தேவாலயத்தில் அடக்கம் செய்தபோது டர்னர் என்ற பெயர் திரும்பி வந்துவிட்டது.

அதே நூற்றாண்டில், கடலுக்கு அந்தப் பக்கம், அந்தப் பெயர் ஒருவர் மேல் வேறு விதமாக விழுந்தது.

1800 அக்டோபரில் வர்ஜீனியாவின் சவுத்தாம்டன் மாவட்டத்தில் பெஞ்சமின் டர்னர் என்ற தோட்ட முதலாளியின் நிலத்தில் ஓர் அடிமைக் குழந்தை பிறந்தது. பெயர் நாட். குடும்பப் பெயர் கிடையாது, ஏனென்றால் சட்டத்தின் கண்ணில் குடும்பமே கிடையாது. பெஞ்சமினுக்குப் பிறகு மகன் சாமுவேல் டர்னரிடம் போனார், அப்புறம் தாமஸ் மூர் என்பவருக்கு விற்கப்பட்டார், மூர் இறந்தபின் அவருடைய சின்ன மகன் பட்னம் மூரின் சொத்து ஆனார். ஆண்டைகள் மாறினாலும் முதல் ஆண்டையின் பெயர்தான் ஒட்டிக்கொண்டது.

நாட் எழுதப் படிக்கத் தெரிந்தவர், பைபிளில் ஊறியவர், மற்ற அடிமைகளுக்குப் போதிப்பவர். 1831 பிப்ரவரியில் வந்த சூரிய கிரகணத்தைக் கடவுளின் சைகையாக எடுத்துக்கொண்டார். ஆகஸ்ட் 21ஆம் தேதி இரவு சில தோழர்களோடு கோடாரியும் கத்தியுமாகக் கிளம்பினார். வீடு வீடாகப் போனார்கள். இரண்டு நாளுக்குள் குழந்தைகள் உட்பட ஐம்பத்தைந்து வெள்ளையர்களாவது கொல்லப்பட்டார்கள். சட்டப்படி நாட் டர்னரின் ‘உரிமையாளரான’ சிறுவன் பட்னம் மூர் முதல் இரவே செத்தான். பதிலுக்கு வெள்ளைக் கும்பல்கள் கலகத்துக்குச் சம்பந்தமே இல்லாத கறுப்பர்களையும் கண்ட இடத்தில் கொன்றார்கள். நாட் இரண்டு மாதம் தலைமறைவாக இருந்தார். அக்டோபர் 30ல் பிடிபட்டார், நவம்பர் 11ல் தூக்கு.

நீதிமன்றப் பதிவில் அவரை எப்படி எழுதியிருக்கிறார்கள் என்பதுதான் இங்கே முக்கியம். நம் ஊர் எஃப்ஐஆரில் வருமே, அதே பாணி: ‘நாட் என்கிற நாட் டர்னர்’. முழுப்பெயர் ஒரு ‘என்கிற’வுக்குப் பின்னால் நிற்கிறது. தூக்குத் தண்டனை சொன்ன கையோடு அவருக்கு 375 டாலர் என்று விலையும் போட்டார்கள். அரசு ஓர் அடிமையைத் தூக்கிலிட்டால் உரிமையாளர் தரப்புக்கு நஷ்ட ஈடு தர வேண்டும் அல்லவா! அவரைப் பிடித்துக் கொடுப்பவருக்கு ஆளுநர் அறிவித்திருந்த பரிசு 500 டாலர். ‘டர்னர் கலகம்’ என்று இன்று பாடப்புத்தகம் சொல்லும்போது, ஆண்டையின் பெயர் அடிமையின் பெயராகவே உலகத்துக்குத் தெரிகிறது. பெஞ்சமின் டர்னரை நாட் டர்னரின் கதைக்கு வெளியே யாரும் நினைப்பதில்லை.

1865ல் அடிமைமுறை ஒழிந்தபோது லட்சக்கணக்கானோர் முதல்முறையாக அரசு ஏட்டில் குடும்பப் பெயர் சொல்ல வேண்டியிருந்தது. சிலர் கடைசி ஆண்டையின் பெயரைச் சொன்னார்கள். சிலர் பழைய ஆண்டையின் பெயரைச் சொன்னார்கள். பிரிக்கப்பட்ட அம்மாவும் தம்பியும் அந்தப் பெயரை வைத்துத் தேடிக் கண்டுபிடிக்கக்கூடும் என்ற கணக்கு அதில் இருந்தது. சிலர் தாங்களே பிடித்த பெயராகத் தேர்ந்துகொண்டார்கள். ஆகவே ஒரு கறுப்பின டர்னரைப் பார்த்ததும் ‘இன்ன தோட்டம்’ என்று முடிவு கட்டுவதும் தப்பு.

இந்தப் பெயரோடே ஒருவர் பெயர்களைத் தேடிப் போனார். லாரன்சோ டோ டர்னர், 1890ல் வட கரோலினாவில் பிறந்த கறுப்பின மொழியியலாளர். தெற்கு கரோலினா, ஜார்ஜியா கடலோரத் தீவுகளில் வாழும், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வழிவந்த குல்லா மக்களின் பேச்சை அன்றைய அறிஞர்கள் சிதைந்த ஆங்கிலம், பிள்ளைப் பேச்சு என்றெல்லாம் ஒதுக்கியிருந்தார்கள். 1930களின் தொடக்கத்தில் கனமான ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு டர்னர் அங்கே போனார். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தார். அப்போது ஒரு விஷயம் வெளிவந்தது. பள்ளிக்கூடத்துக்கும் வெள்ளையருக்கும் சொல்ல ஓர் ஆங்கிலப் பெயர். வீட்டுக்குள் கூப்பிட இன்னொன்று, ‘கூடைப் பெயர்’. நம் ஊரில் பள்ளிக்கூடப் பெயர், வீட்டுப் பெயர் என்று இரண்டு இருப்பது மாதிரியேதான். வித்தியாசம் என்னவென்றால், அந்தக் கூடைப் பெயர்களில் மெண்டே, யொருபா, கொங்கோ மொழிச் சொற்கள் இருந்தன. பாட்டன் பூட்டன் காலத்தில் கடல் தாண்டி வந்தவை. அப்படி ஆயிரக்கணக்கில் தொகுத்து, லண்டன் போய் ஆப்பிரிக்க மொழிகளும் படித்து, 1949ல் புத்தகமாக வெளியிட்டார்.

ஜார்ஜியாவின் ஹாரிஸ் நெக்கில் அமீலியா டாலி என்ற பெண் ஒரு பாட்டைப் பாடினார். அர்த்தம் அவருக்கே தெரியாது. அம்மா பாடியதைப் பாடினார். அது மெண்டே மொழி என்று சியரா லியோனிலிருந்து வந்த ஒரு மாணவர் பின்னால் கண்டுகொண்டார். 1990 வாக்கில் ஆய்வாளர்கள் அந்தப் பதிவை எடுத்துக்கொண்டு சியரா லியோனில் ஊர் ஊராகப் போட்டுக் காட்டியபோது, பைண்டு ஜபாட்டி என்ற பெண் கூடவே பாடினார். அவருடைய பாட்டி சொல்லிக் கொடுத்த சாவுச் சடங்குப் பாட்டு அது. 1997ல் அமீலியாவின் மகள் மேரி மோரன் அந்தக் கிராமத்துக்கே போய் இறங்கினார். குடும்பப் பெயர் எதுவும் காப்பாற்றித் தராததை ஒரு பாட்டு தந்தது. டர்னர் இதைப் பார்க்க இல்லை, 1972லேயே இறந்துவிட்டார்.

மற்ற டர்னர்களை வேகமாகக் கடந்துவிடுவேன். கிரிக்கெட்டில் ஆஸ்திரேலியாவின் சார்லஸ் டர்னர் 1887-88 சீசனில் மட்டும் 106 விக்கெட் சாய்த்து ‘டெரர்’ என்று பெயர் வாங்கியவர். நியூசிலாந்தின் கிளென் டர்னர் 1975ல், முதல் உலகக் கோப்பையிலேயே, இந்தியாவுக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 114 அடித்தார். டெட் டர்னர் 1980ல் 24 மணி நேரச் செய்திச் சேனலான சிஎன்என்னைத் தொடங்கினார். ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் ‘பிரேக்கிங் நியூஸ்’ பார்க்கும் நம் பழக்கத்துக்கு முதல் விதை. ஆஸ்திரேலியச் சிறுவர் இலக்கியத்தின் எத்தல் டர்னருக்குப் பிறவிப் பெயர் பர்வெல். அம்மா மறுமணம் செய்த மாற்றாந்தந்தையிடமிருந்து வந்தது டர்னர். கல்யாணமாகி சட்டப்படி இன்னொரு பெயர் வந்த பிறகும் புத்தக அட்டையில் அதையே வைத்துக்கொண்டார்.

கடைசி டர்னர் பிறந்தது அன்னா மே புல்லக் ஆக. 1939, டென்னசி மாநிலம் பிரவுன்ஸ்வில். வளர்ந்தது பக்கத்தில் நட்புஷ், பருத்தி விளைகிற சிற்றூர். பதின்வயதில் செயின்ட் லூயிஸ் நகரத்தில் ஐக் டர்னரின் இசைக்குழுவில் சேர்ந்தார். ஐக் 1931ல் மிசிசிப்பியில் பிறந்தவர், நாட் தூக்கிலேறி நூறு வருஷம் ஆக ஆறு நாள் இருக்கும்போது. தன் பெயர் இசையர் லஸ்டர் டர்னர் என்றே வெகுகாலம் நம்பியிருந்தார். முதல் பாஸ்போர்ட் எடுக்கப் போனபோதுதான் பதிவேட்டில் ஐக் விஸ்டர் டர்னர் என்று இருப்பது தெரிந்ததாம். பாஸ்போர்ட் ஆபீஸ் போய்ப் பெயர்க் குழப்பத்தில் மாட்டாத தமிழர் குறைவு என்பதால் இந்த இடத்தில் மட்டும் அவர் மேல் எனக்குக் கொஞ்சம் இரக்கம் உண்டு.

1960ல் அன்னா பாடிய பாட்டு இசைத்தட்டாக வந்தபோது அதில் ‘டினா டர்னர்’ என்று போட்டார் ஐக். அப்போது அவர்களுக்குக் கல்யாணம் ஆகியிருக்கவில்லை. காட்டுராணி கதாபாத்திரமான ‘ஷீனா’வோடு எதுகை வருகிறது என்று டினா. அந்தப் பெயரைத் தன் பேரில் வணிகமுத்திரையாகப் பதிந்தும் வைத்துக்கொண்டார். இந்தப் பாடகி போய்விட்டால் வேறொரு பெண்ணை நிறுத்தி அவளையும் டினா டர்னர் என்றே அழைக்கலாம் என்ற ஏற்பாடு. பெயர் ஒரு பதவி, ஆள் மாற்றிக்கொள்ளலாம்.

பதினாறு வருஷம் அடி உதையோடு போனது. 1976 ஜூலையில் டல்லஸ் நகரத்து ஓட்டலில் ஐக் தூங்கும்போது வெளியேறினார் டினா. கையில் 36 சென்ட்டும் பெட்ரோல் போடும் கார்டு ஒன்றும். 1978 மார்ச்சில் விவாகரத்து முடிந்தது. வீடு உட்படப் பெரும்பாலான சொத்துகளை விட்டுக்கொடுத்தார். ரத்தான கச்சேரிகளின் கடனும் அவர் தலையில் விழுந்தது. விடாப்பிடியாகக் கேட்டது டினா டர்னர் என்ற பெயரை மட்டும்.

நியாயமாகப் பார்த்தால் உதறிவிட்டுப் போக வேண்டிய பெயர். அடித்தவனின் பெயர், அவன் வைத்த பெயர், அவனிடமே பதிவாகியிருந்த பெயர். ஆனால் அந்தப் பெயருக்குள் இருந்த குரலும் உழைப்பும் முழுக்க அவருடையவை; புல்லக் என்று போஸ்டர் ஒட்டினால் டிக்கெட் விற்காது என்று அவருக்குத் தெரியும். 1984ல், நாற்பத்துநான்கு வயதில், அதே பெயரில் அமெரிக்காவின் முதலிடப் பாட்டு. 1988ல் ரியோவின் மரக்கானா மைதானத்தில் ஒன்றே முக்கால் லட்சத்துக்கும் மேலானோர் முன்னால் பாடினார். 2013ல் இரண்டாம் கல்யாணம், சுவிஸ் குடியுரிமை. 2023 மே 24ல் சூரிச் ஏரிக்கரையில் இறந்தார்.

நட்புஷ் வழியாகப் போகும் டென்னசி மாநில 19ஆம் எண் சாலையில், அவர் புல்லக் வீட்டுப் பெண்ணாகத் திரிந்த பகுதிக்கு, இப்போது டினா டர்னர் நெடுஞ்சாலை என்று பெயர்ப்பலகை வைத்திருக்கிறார்கள். ஐக் பெயர் அதில் இல்லை.